முதலில் பெயரை வாங்குங்கள்

2024 மார்ச் மாதத்தில் கூகுள் ஒரு சேவையை நிறுத்தியது. கூகுள் மேப்பில் தங்கள் கடையைப் பதிவு செய்திருந்த சிறு வியாபாரிகளுக்கு 2017 முதல் அது இலவசமாக ஒரு வெப்சைட் அமைத்துக் கொடுத்துவந்தது. சில நிமிடங்களில் பக்கம் தயாராகிவிடும். பணம் கட்ட வேண்டாம், தொழில்நுட்பமும் தெரிய வேண்டாம். அந்தப் பக்கங்கள் எல்லாம் மார்ச்சில் அணைக்கப்பட்டன. அந்த முகவரிகளைத் தேடி வந்தவர்கள் ஜூன் 10 வரை மேப்பில் உள்ள கடைப் பதிவுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது. பில்லிலும் பையிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்த கடைக்காரருக்கு அன்றோடு அது பயனற்றுப் போனது. இதற்கு முந்தைய ஆண்டு, 2023-ல், இதே கூகுள், டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர்களை விற்கும் தன் தொழிலை ஸ்கொயர்ஸ்பேஸ் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. கூகுளிடம் பெயர் பதிந்திருந்தவர்களுக்கு அதனால் பெயர் பறிபோகவில்லை. கணக்கு கைமாறியது, பெயர் அவரவரிடமே இருந்தது. புதிய நிறுவனத்தைப் பிடிக்காதவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு வேறிடம் போனார்கள். ஒரே நிறுவனம் அடுத்தடுத்து எடுத்த இரண்டு முடிவுகளில், ஒன்றில் கடைக்காரரின் முகவரி அழிந்தது, மற்றொன்றில் பிழைத்தது. புதிதாகத் தொழில் தொடங்குபவர் வெப்சைட் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

வெப்சைட் என்றதும் பெரும்பாலோர் பக்கத்தின் அழகைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். என்ன நிறம், எந்த டெம்ப்ளேட், யாரிடம் கொடுத்தால் நன்றாகச் செய்வார், எவ்வளவு கேட்பார் என்று பேச்சு போகிறது. பெயர் கடைசியில், வேலை செய்பவரே பார்த்துக்கொள்ளும் சில்லறைக் காரியமாக ஒதுக்கப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். ஒரு வெப்சைட்டில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. டொமைன் என்பது முகவரியாக நிற்கும் பெயர். ஹோஸ்டிங் என்பது பக்கத்தின் கோப்புகள் இருக்கும் கணினியில் நமக்குக் கிடைக்கும் இடம். மூன்றாவது, நாம் எழுதி வைக்கும் பக்கம். பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஹோஸ்டிங்கை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். வாடிக்கையாளர் மனதிலும் கையிலிருக்கும் பாக்கெட்டிலும் நிற்பது பெயர் மட்டும்தான். மொபைல் எண்ணை மாற்றாமலேயே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது அல்லவா, டொமைனும் அதே தன்மை கொண்டது. பின்னால் இருக்கும் நிறுவனம் எதுவானாலும் வாடிக்கையாளர் தட்டும் பெயர் மாறுவதில்லை. உலக அளவில் இந்தப் பெயர்களுக்கான ஒழுங்கை 1998-ல் தொடங்கப்பட்ட ஐகேன் அமைப்பு கவனிக்கிறது. டாட் இன் என்று முடியும் இந்தியப் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. இவற்றின் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களிடம் நாம் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெயரைப் பெறுகிறோம். கட்டணத்தை விடாமல் கட்டிவரும் வரை அந்த உரிமை நமக்கு நீடிக்கிறது.

பிறர் கொடுத்த முகவரியில் தொழிலை நிறுத்துவதன் ஆபத்தைக் கடந்த சில ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. தடைக்கான காரணங்கள் சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்தச் செயலியில் ஆண்டுக்கணக்கில் ஆள் சேர்த்து, சேலையும் நகையும் மசாலாப் பொடியும் விற்றுவந்தவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர்களை மறுபடி கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது என்பதே இங்கே முக்கியம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், மூன்றிலும் கடை வைத்திருந்தவருக்கும் அந்த நேரத்தில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. சமூகத் தளங்களான ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. இவற்றில் எதுவும் வியாபாரியின் தவறால் நடக்கவில்லை. அதனால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நம் உழைப்பும் நேர்மையும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், பிறர் எடுக்கும் முடிவிலிருந்து அவை நம்மைக் காப்பாற்றுவதில்லை.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிறேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது, ஜிபேயில் பணம் வருகிறது. தனியாக வெப்சைட் எதற்கு என்று சிறுதொழில் செய்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல, உண்மையான ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் புதிதாகக் கடலைமிட்டாய் போடத் தொடங்கும் ஒருவருக்கு உள்ளூர் விற்பனைக்கு வெப்சைட் தேவைப்படாது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு ருசி பார்க்கக் கொடுத்தாலே போதும். பெங்களூரில் இருப்பவர் கதை வேறு. தன் வீட்டுத் திருமணத்துக்குத் தாம்பூலப் பையில் போட 500 பாக்கெட் வேண்டும் என்று அவர் தேடுகிறார். இந்தப் பெயரில் விற்பவர்களில் யார் உண்மையிலேயே அந்த ஊரில் தயாரிப்பவர், ஒரு பாக்கெட் எத்தனை கிராம், வெல்லப்பாகில் போட்டதா, எத்தனை நாள் கெடாது, கூரியரில் உடையாமல் வருமா, மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்பவை அவருடைய கேள்விகள். இன்ஸ்டாகிராமில் இவற்றுக்கான விடைகள் எப்போதோ போட்ட பதிவுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். கணக்கு இல்லாதவரைக் கொஞ்ச நேரத்தில் உள்ளே நுழையச் சொல்லி அது வழிமறிக்கும். வாட்ஸ்அப்பில் விடை கிடைக்கும். ஆனால் எண் தெரிந்தவருக்கு மட்டும், கேட்ட பிறகு, கடைக்காரர் கை ஓய்ந்த நேரத்தில் கிடைக்கும். ஒரே கேள்விகளுக்கு நாள் முழுதும் பதில் தட்டிக்கொண்டிருப்பவர், பாகு காய்ச்சுவதை யாரிடம் விடுவது? ரீல்ஸ் ஆளைக் கூட்டி வருகிறது, வாட்ஸ்அப் பேச்சை முடித்துவைக்கிறது. இடையில், தொலைவில் இருப்பவர் நம்பி முடிவெடுக்க உதவும் நிலையான பக்கம் ஒன்று வேண்டும். மற்ற இரண்டையும் கைவிடச் சொல்லவில்லை. இரண்டும் நம் பக்கத்துக்கு ஆளை அனுப்பும் வழிகளாக இருக்கட்டும் என்கிறேன்.

அந்தப் பக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? தொடக்கத்தில் ஒரே ஒரு பக்கம் போதும். கடையின் பெயரும் என்ன செய்கிறோம் என்பதும் முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' போன்ற வாசகங்கள் எந்தக் கடைக்கும் பொருந்துவதால் எந்தக் கடையையும் அடையாளம் காட்டுவதில்லை. 'கோவில்பட்டியில், நாட்டு வெல்லத்தில், ஆர்டர் வந்த பிறகே போட்டு அனுப்புகிறோம்' என்று எழுதினால், அது உண்மையாகவும் இருந்தால், அந்த ஒரு வரியே வேலை செய்யும். அடுத்து பொருள், எடை, விலை. விலையைப் போட்டால் போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்று பலர் அஞ்சுகிறார்கள். போட்டிக்காரர் வாடிக்கையாளர்போல் ஒரு போன் போட்டாலே விலை தெரிந்துவிடும். விலை இல்லாத பக்கத்தை விட்டு வெளியேறுபவர் வாங்க வந்தவர்தான். பிறகு முழு முகவரி, மேப் லிங்க், தொட்டவுடன் அழைப்பு போகும் தொலைபேசி எண், வாட்ஸ்அப் பொத்தான், கடை திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள். கூரியர் கட்டணமும் வந்துசேரும் நாட்களும் ஒரு பத்தியில் இருக்கட்டும். பொருளைக் காட்டும் சில நல்ல படங்கள் வேண்டும். இணையத்தில் எடுத்த அடுத்தவர் படம் வேண்டாம், சொந்தப் பட்டறையின் படம் வேண்டும். புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்தவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். போலிகளுக்கு நடுவே உண்மையானவரைத் தேடி வருபவருக்கு அந்த ஒரு விவரம் பெரிய துணை.

எழுதும் முறையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பல சிறு கடைகளின் பக்கங்கள் ஒரு போஸ்டரை அப்படியே படமாக ஏற்றியவை. விலைப்பட்டியல் படம், முகவரி படம், தொலைபேசி எண்கூடப் படத்துக்குள்தான். மனிதக் கண்ணுக்கு அது எழுத்தாகத் தெரியும். தேடுபொறிக்கு அதை நம்பகமாகப் படிக்க முடியாது. பார்வையற்றவர் கைப்பேசியில் பயன்படுத்தும் டாக்பேக் போன்ற வாசிப்பான்களுக்கும் அது வெறும் படம். அந்த எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது, முகவரியை நகலெடுத்து ஆட்டோ செயலியில் ஒட்டவும் முடியாது. தமிழுக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1990-களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வோர் எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். யூனிகோட் பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று கைப்பேசியில் தட்டும் தமிழ் எங்கும் தமிழாகவே தெரிகிறது, தேடலிலும் கிடைக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த வசதியைப் படத்துக்குள் பூட்டி வைக்கக் கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தாகவே எழுதி வையுங்கள். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள் என்பதால், டொமைன் பெயர் ஒருமுறை காதால் கேட்டவர் தவறில்லாமல் தட்டும்படி குட்டையாக இருப்பது நல்லது. தமிழ் எழுத்திலேயே அமைந்து 'இந்தியா' என்று தமிழில் முடியும் முகவரிகளும் பதியலாம். எல்லாச் செயலிகளும் படிவங்களும் அவற்றை இன்னும் சரியாக ஏற்பதில்லை என்பதால் இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

வெப்சைட் வைத்தால் சட்டத் தொல்லை வரும் என்பது இன்னொரு தயக்கம். சட்டம் கேட்பதைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி நல்ல கடைக்காரர் தானாகவே சொல்ல வேண்டியதுதான் என்று புரியும். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இணையத்தில் விற்பவர் தம் தொழிலின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைகளைக் கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறுதொழிலில் உரிமையாளரே அந்த அலுவலராக இருக்கலாம். பாக்கெட்டில் அடைத்து விற்பதானால் தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை போன்றவை தளத்திலும் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்கப் பதிவு எண் வேண்டும். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பதானால், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். இதை ஆடிட்டரிடம் கேட்டு முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வோமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை நாலு வரியில் எழுதிவைத்தால் பின்னால் வரும் சண்டைகளில் பாதி வராது. தளத்திலேயே பணம் வாங்க விரும்பினால், பேமென்ட் கேட்வே நிறுவனங்களும் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பார்க்கின்றன. ஆனால் தொடக்கத்தில் அந்த வசதியே தேவையில்லை. ஆர்டரை வாட்ஸ்அப்பிலும் பணத்தை யுபிஐயிலும் வாங்கிக்கொண்டு, பக்கத்தை விவரம் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரியைச் சேகரித்து வைக்கும் அளவு எவ்வளவு குறைகிறதோ, அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவ்வளவு குறையும்.

செலவு என்னும் மறுப்புக்கு வருவோம். டாட் இன், டாட் காம் பெயர்களுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். முதல் ஆண்டுக்கு மிகக் குறைந்த விலை சொல்லி, புதுப்பிக்கும்போது கூட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம் என்பதால் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கத் தளத்துக்கு ஹோஸ்டிங் செலவே இல்லாமல் முடிக்கலாம். கூகுள் சைட்ஸில் எழுத்தையும் படத்தையும் இழுத்து வைத்துப் பக்கம் செய்து, அதைச் சொந்த டொமைனோடு இணைக்கலாம். கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களும் உண்டு. 2003-ல் தொடங்கி இன்று உலகின் தளங்களில் கணிசமான பகுதியைத் தாங்கும் வேர்ட்பிரஸும் நல்ல கருவிதான். ஆனால் அதற்கு அடிக்கடி அப்டேட் செய்ய வேண்டும். கவனிக்காமல் விட்டால் விஷமிகள் நுழைவார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் எளிய பக்கத்தோடு நிற்பதே பாதுகாப்பு. முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர் அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பத்தாண்டுகளாக இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமாகவே அதைப் போட்டுவிடும். இதற்கெனத் தனியாகப் பெரிய தொகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இலவசக் கருவியைப் பயன்படுத்தினால் அதுவும் ஒருநாள் மூடப்படாதா என்று கேட்கலாம். மூடப்படலாம். 2024-ல் கூகுளின் இலவசக் கடைப் பக்கங்கள் மூடப்பட்டபோதும், அந்தப் பக்கத்துக்குச் சொந்த டொமைன் இணைத்திருந்தவர்கள் வேறிடத்தில் பக்கம் செய்து அதே பெயரை அங்கே திருப்பிக்கொள்ள முடிந்தது. எழுத்தையும் படங்களையும் தங்களிடம் ஒரு நகல் வைத்திருந்தால், அது ஒருநாள் வேலை. கருவி போனாலும் முகவரி போகாது என்பதுதான் பெயரை முதலில் வாங்குவதன் முழுப் பயன். அந்தப் பயன் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு: டொமைன் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்து தருபவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால், அவர் வசதிக்காகத் தன் மின்னஞ்சலிலேயே டொமைனைப் பதிந்துவிடுவது வழக்கம். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை வேறு வேலைக்குப் போய்விட்டால், எண் மாறிவிட்டால், புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருக்குப் போகும்? பதிவு நிறுவனத்தின் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் தொடங்குங்கள். ஓடிபி உங்களுக்கு வர வேண்டும். வேலை செய்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டைக் கடையின் மற்ற பத்திரங்களோடு எழுதி வையுங்கள். முடிந்தால் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். மறதி பெரியவர்களையும் விடுவதில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்கான 35 டாலர் கட்டணத்தைக் கட்டத் தவறியதால் ஹாட்மெயிலுக்குள் நுழைவது தடைபட்டது. வெளியாள் ஒருவர் தன் பணத்தைக் கட்டிய பிறகே சரியானது. அந்த அளவு அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. காலாவதியான பெயரைச் சில வாரங்களுக்குள் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அதைத் தாண்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள்.

அமேசானும் ஃப்ளிப்கார்ட்டும் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும்போது நம் தனிப்பக்கத்துக்கு யார் வருவார் என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். யாரும் தானாக வர மாட்டார்கள் என்பது உண்மை. வெப்சைட் தொடங்கியதும் ஆர்டர் குவியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிய வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கப் பெரிய சந்தைகள் உதவும். அதற்கு அவை கமிஷன் எடுக்கின்றன, அதில் தவறில்லை. ஆனால் அங்கே வாங்கியவரின் மனதில் அந்தச் சந்தையின் பெயர்தான் நிற்கும். இரண்டாவது முறை அவர் நேரடியாக உங்களிடம் வர வேண்டும் என்றால், உங்கள் பெயரும் முகவரியும் பாக்கெட்டின் லேபிளிலும் பில்லிலும் கூரியர் பெட்டியிலும் இருக்க வேண்டும். அச்சடிக்கத் தகுந்த, மாறாத முகவரி என்பது சொந்த டொமைன் ஒன்றுதான். மேப்பில் உள்ள பதிவிலும் இன்ஸ்டாகிராம் முகப்பிலும் அதே பெயர், அதே எண், அதே நேரம் இருக்கட்டும். மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் தேடுபவர் மூன்றையும் சந்தேகிப்பார். இனி எல்லோரும் ஏஐயிடம் கேட்டே வாங்குவார்கள், வெப்சைட் எதற்கு என்ற புதிய கேள்வியும் எழுந்திருக்கிறது. கடை எந்த நாளில் மூடியிருக்கும் என்பதை எந்த இயந்திரமும் தானாக அறிய முடியாது. எங்காவது எழுதியிருப்பதைப் படித்துத்தான் அது சொல்லும். உங்கள் கடையைப் பற்றி அடுத்தவர் எழுதியதைப் படித்துச் சொல்வதைவிட, நீங்கள் எழுதியதைப் படித்துச் சொல்வது நல்லதல்லவா?

எல்லாத் தொழிலுக்கும் இது கட்டாயம் என்று வாதிட மாட்டேன். தெருமுனையில் டீக்கடை வைப்பவருக்கு மேப்பில் ஒரு பதிவும் வாசலில் ஒரு போர்டும் போதும். பார்க்காத ஒருவர், தொட்டுப் பார்க்க முடியாத தூரத்திலிருந்து, முன்பணம் அனுப்ப வேண்டிய தொழில் எதுவோ அதற்கெல்லாம் வெப்சைட் வேண்டும். தறி நெசவு, செக்கு எண்ணெய், வீட்டு மசாலா, தையல், கேட்டரிங், டியூஷன், சிறு தங்கும் விடுதி எல்லாம் இதில் அடங்கும். இந்தத் தொழில்களைத் தொடங்குபவர்களில் பலர் கையில் அதிகப் பணமில்லாதவர்கள். வீட்டிலிருந்தபடியே செய்யும் பெண்கள் அவர்களில் ஏராளம். பெரிய நிறுவனத்துக்கு ஒரு தளம் மூடினால் இன்னொன்றுக்கு விளம்பரம் செய்யப் பணம் இருக்கிறது. இவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து ஆள் சேர்க்கத் தெம்பு இருக்காது. ஆகவே இவர்களுக்குத்தான் நிலையான முகவரி அதிகம் தேவை. கடைக்குப் பெயர் முடிவான அன்றே, போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் பெயரில் டொமைன் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் உங்கள் மின்னஞ்சலில் பதிந்துவிடுங்கள். பக்கம் அடுத்த வாரம் எழுதலாம், அழகு அடுத்த ஆண்டு சேர்க்கலாம். பெயரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நாளை நீங்கள் சம்பாதிக்கப்போகும் நம்பிக்கை முழுதும் அந்தப் பெயரில்தான் வந்து சேரும். அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.